மைனா கலைத்த உச்சி வேளை

ஒரு காட்டில் உச்சி வெயில் ஏறியதும் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். யாரும் சட்டம் போட்டதில்லை, மணி அடித்ததும் இல்லை. நிழல் காலடிக்குள் சுருங்கியதும் குரங்கு கிளையில் சாய்ந்துவிடும். கரடி புற்றுக்குப் பின்னால் புரண்டு படுத்துவிடும். மயில் தோகையைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். நிழல் மறுபடி ஒரு முழம் நீளும்வரை அங்கே இலை விழுந்தாலும் கேட்கும்.

கோடையில் அந்தக் காட்டில் இலைகள் நிறையவே விழும், குழந்தைகளே. பாதிக் காடு தேக்கு. காய்ந்த தேக்கிலை முறம் அளவுக்கு அகலமாக இருக்கும், மிதித்தால் அப்பளம் போல நொறுங்கும். அதன்மேல் ஓர் எலி ஓடினால்கூட ஊருக்கே தெரிந்துவிடும்.

அந்தத் தேக்கங்காட்டின் நடுவே ஒரு புதருக்கடியில் புள்ளிமான் ஒன்று தன் குட்டியை ஒளித்து வைத்திருந்தது. குட்டியின் பெயர் பொட்டு. பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பொட்டுவுக்கு ஓடத் தெரியாது, அசையாமல் கிடக்க மட்டும் தெரியும். அதன் உடம்பில் வாசனையும் இன்னும் ஏறவில்லை. அதனால் புதருக்குப் பக்கத்தில் வந்து நின்றாலும் யாருக்கும் எளிதில் தெரியாது.

தாய்மான் நாலு மரம் தள்ளிப் படுத்திருக்கும். கண் மூடியிருக்கும். காது மட்டும் இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு.

அதே காட்டில் ஒரு சிறுத்தையும் இருந்தது. காலையிலும் மாலையிலும் குரங்கு மரத்தின்மேல் காவலுக்கு உட்கார்ந்துவிடுவதால் சிறுத்தையின் பருப்பு வேகவில்லை. எல்லாரும் படுத்துக் கிடக்கும் உச்சி வேளையில் வரலாம் என்று பார்த்தால், ஓர் அடி வைப்பதற்குள் சருகு காட்டிக் கொடுத்துவிடும். அந்தச் சருகுதான் சிறுத்தையின் வயிற்றில் அடித்தது. ஒரு மாதமாகத் தவளையும் ஓணானும் தின்று அது காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குப் போயிருந்த மைனா திரும்பி வந்தது. அதன் பெயர் துடியன்.

துடியன் மூன்று வருடம் ஒரு பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டி வாழ்ந்தது. அங்கே இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டது. ஒன்று, வாயை மூடாமல் அறிவிப்பது. இன்னொன்று, யாராவது உட்கார்ந்திருந்தால் போய், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்பது.

முதலில் காட்டுக்கு அதனால் லாபம்தான். அதை மறைக்கக் கூடாது. காலையில் இலவ மரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டு மைனா கத்தும்.

"அன்பார்ந்த காட்டு மக்களின் கனிவான கவனத்திற்கு! வடக்கு ஓடையில் அத்தி பழுத்திருக்கிறது. தெற்குக் குட்டையில் தண்ணீர் முழங்கால் அளவே உள்ளது. முதலில் வருபவர்களுக்கே முன்னுரிமை!"

குரங்குக்குப் பழம் கிடைத்தது. கரடிக்குத் தேன் கிடைத்தது. "இத்தனை நாள் இது இல்லாம எப்படி இருந்தோம்?" என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மைனாவுக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு நாள் உச்சி வேளை வந்தது. காடு அடங்கியது. மைனாவால் மட்டும் அடங்க முடியவில்லை. பறந்து பறந்து விசாரிக்கக் கிளம்பிவிட்டது.

"கரடி மாமா, என்ன செய்றீங்க?"

"சும்மா இருக்கேன்."

"சும்மாவா!" என்று மைனா அதிர்ந்து போனது. அது வாழ்ந்த ஊரில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் உடனே யாராவது ஒரு வேலையைக் கையில் திணித்துவிடுவார்கள்.

குரங்கிடம் போனது.

"நீங்க என்ன செய்றீங்க, அண்ணே?"

"சும்மாதான் இருக்கேன்."

மயிலும் சும்மா இருந்தது. கடைசியில் தாய்மானிடம் வந்தது.

"அக்கா, நீங்களாவது ஏதாவது செய்றீங்களா?"

"சும்மா இருக்கேன், தம்பி. குட்டியைப் பார்த்துக்கிறேன்."

"கண்ணை மூடிக்கிட்டா? படுத்துக்கிட்டா? அது எப்படி வேலை ஆகும்?"

தான் செய்வது ஒரு வேலை என்று மான் அதுவரை யோசித்ததே இல்லை. யோசிக்காமல் செய்து வந்ததை எடுத்துச் சொல்லச் சொன்னால் யாருக்குமே நாக்குக் குழறும். அது தலையைக் குனிந்துகொண்டது.

"காட்டுல இவ்வளவு நேரம் காலியா கிடக்குதே!" என்று மைனா பதறியது. நல்ல எண்ணம்தான். பாதித் தொல்லை இப்படிப்பட்ட நல்ல எண்ணத்தால்தான் வருகிறது.

அப்போது பாறை இடுக்கில் சிறுத்தை படுத்திருப்பதை மைனா பார்த்தது. பாதுகாப்பான உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டது.

"அண்ணே, உச்சி வேளையில நீங்க என்ன செய்றீங்க? நீங்களும் சும்மாதானா?"

சிறுத்தை ஒரு கண்ணைத் திறந்தது.

"எனக்கு வேலை இருக்கு, தம்பி."

மைனாவுக்குப் புல்லரித்துவிட்டது. "அப்பாடா! இந்தக் காட்டுல வேலை இருக்குன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"இருந்து என்ன பிரயோசனம்? வேலை ஓட மாட்டேங்குதே" என்று சிறுத்தை பெருமூச்சு விட்டது. "இந்த அமைதி இருக்கே, அதுதான் என்னைக் கெடுக்குது. ஒரு அடி எடுத்து வைக்க முடியலை. கொஞ்சம் கலகலன்னு சத்தம் இருந்தா எனக்கு வேலை நல்லா நடக்கும்."

"எனக்கும் அப்படியேதான் அண்ணே!"

"உன் குரல் நல்ல குரல். காலையில கேட்கிறேன். அதை உச்சி வேளையிலயும் விட்டா எப்படி இருக்கும்? நிறுத்தாம விடணும். இடைவெளி இருக்கக் கூடாது."

என்ன வேலை என்று மைனா கேட்கவில்லை. பெரியவர்களின் வேலையைத் துருவிக் கேட்பது மரியாதை இல்லை என்று அது நினைத்தது. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்கள்.

மறுநாள் உச்சி வேளையில் இலவ மரம் அலறியது.

"கவனிக்கவும், கவனிக்கவும்! இன்றுமுதல் காட்டில் காலி நேரம் கிடையாது. கரடி கிழக்குப் புற்றுகளைக் கிளறும். குரங்கு மரத்துக்கு மரம் போய்க் காய் எண்ணும். மயில் ஆற்றங்கரையில் ஆடிப் பழகும். மான் குட்டைக்குப் போய்ப் புல் எங்கே பச்சையாக இருக்கிறது என்று பார்த்து வரும். மீண்டும் அறிவிக்கிறோம்!"

யாருக்கும் போக மனமில்லை. ஆனால் மற்றவர்களுக்கு முன்னால் 'நான் சும்மா இருக்கிறேன்' என்று சொல்ல இப்போது வெட்கமாக இருந்தது. ஒருவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். தாய்மான் மட்டும் நின்று நின்று, புதரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

குட்டைக்கரையில் அதற்குப் புல் கண்ணில் படவே இல்லை. காதை எந்தப் பக்கம் திருப்பினாலும் மைனாவின் குரல்தான் விழுந்தது. தேக்கங்காட்டுச் சத்தம் ஒன்றுகூட வந்து சேரவில்லை. மான் பாதியில் ஓடி வந்து புதரை முகர்ந்து பார்த்தது. பொட்டு இருந்தது. அன்றைக்கு இருந்தது.

மூன்று நாளில் காடு காடாக இல்லை. கரடி புற்றைக் கிளறிக்கொண்டே தூங்கிப் போய், எறும்புகள் அதன் மூக்கைக் கடித்து வீங்க வைத்துவிட்டன. குரங்கு நூறுவரை எண்ணிவிட்டு மறந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. யாரைப் பார்த்தாலும் எல்லாருக்கும் எரிந்து விழத்தான் தோன்றியது.

நான்காம் நாள் மயிலைக் காணோம்.

ஆற்றங்கரையில் ஆடிப் பழகப் போன மயில் அது. ஆடும்போது அதற்குத் தன் தோகையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. முன்பெல்லாம் சருகாவது எச்சரித்திருக்கும். இப்போது கரையில் ஏழு இறகுகள் கிடந்தன, அவ்வளவுதான்.

மைனா உடனே மரத்தில் ஏறியது.

"காணவில்லை, காணவில்லை! பெயர் மயில். நிறம் நீலம். தலையில் கொண்டை உண்டு. கடைசியாக ஆற்றங்கரையில் காணப்பட்டது. விவரம் தெரிந்தவர்கள் இலவ மரத்தை அணுகவும்!"

இந்த அறிவிப்பை அது பதினோரு தடவை செய்தது. விவரம் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் பாறை இடுக்கில் மீசையை நக்கிக்கொண்டே அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாய்மான் இறகுகளைப் பார்த்தது. நாளை அங்கே இறகுக்குப் பதிலாக என்ன கிடக்கும் என்று நினைக்கவே அதனால் முடியவில்லை. நேராக இலவ மரத்தடிக்குப் போனது.

"தம்பி, ஒரு சந்தேகம். இந்தக் காட்டுல உச்சி வேளையில வேலை இருக்குன்னு யாராவது உங்கிட்ட சொன்னாங்களா?"

"ஒரே ஒருத்தர்தான் அக்கா. சிறுத்தை அண்ணன்!" என்றது மைனா பெருமையாக. "சத்தம் இருந்தா வேலை நல்லா ஓடும்னும் சொன்னார். உழைப்பாளி!"

மானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தம்பி, நாளைக்கு ஒரு உச்சி வேளை மட்டும் நீ சும்மா இரேன்."

மைனா சிலிர்த்துக்கொண்டது. "அக்கா, என்னைப் பார்த்தா வேலை வெட்டி இல்லாதவன் மாதிரியா தெரியுது? மயிலைத் தேடுற இந்த நேரத்துலயா சும்மா இருக்கிறது? இன்னும் சத்தமா அறிவிக்கணும்!"

நேராகச் சொன்னால் இதன் மண்டையில் ஏறாது என்று மானுக்குப் புரிந்தது. அதனால் ஒன்றும் தெரியாததுபோலக் கேட்டது.

"நீ இருந்த ஊர்ல யாராவது பெரிய ஆள் செத்துப் போயிட்டா என்ன செய்வாங்க, தம்பி?"

"அடேயப்பா! அதையேன் கேட்கிறீங்க? பேருந்தெல்லாம் நின்னுரும். எல்லாரும் எழுந்து நிப்பாங்க. மௌன அஞ்சலி செலுத்துவாங்க!"

"மௌன அஞ்சலின்னா?"

"யாரும் மூச்சு விடக் கூடாது. ரெண்டு நிமிஷம். பெரிய நிகழ்ச்சி அக்கா அது! ஒலிபெருக்கியில அறிவிச்ச பிறகுதான் நடக்கும்."

"அப்போ நம்ம மயில்?" என்றது மான். அது நடிப்பில்லை. அதன் குரல் உண்மையாகவே உடைந்தது. "ஏழு இறகுதான் மிச்சம். அது பெரிய ஆள் இல்லையா? அதுக்கு ஒரு அஞ்சலி செலுத்த இந்தக் காட்டுல விவரம் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

மைனாவின் நெஞ்சு நிமிர்ந்தது. "ஏன் இல்லை? நான் இருக்கேனே! நாளைக்கு உச்சி வேளையில நானே நடத்தி வைக்கிறேன். நீங்க வேணும்னா பாருங்க!"

மறுநாள் உச்சி வேளையில் மைனா வழக்கம்போல அலறிக்கொண்டிருந்தது. அந்த அலறலைக் குடையாகப் பிடித்துக்கொண்டு சிறுத்தை தேக்கங்காட்டுக்குள் நுழைந்தது. இங்கே ஒரு குட்டி இருப்பது அதற்குத் தெரியும், எந்தப் புதர் என்றுதான் தெரியாது. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு புதராக விலக்கிப் பார்த்துக்கொண்டு வந்தது. சருகுகள் காலடியில் நொறுங்கின. கேட்க யாருக்கும் காது இல்லை.

இன்னும் இரண்டே புதர்கள் இருந்தன. இரண்டாவதில் பொட்டு.

"அன்பார்ந்த காட்டு மக்களே! மறைந்த மயிலுக்காக இப்போது மௌன அஞ்சலி. அவரவர் இருக்கும் இடத்திலேயே நிற்கவும். தொடங்குகிறது!"

மைனா வாயை மூடியது.

ஐந்து நாளாக மூடாத வாய் அது. அமைதி ஒரேயடியாக வந்து இறங்கியது. கரடி புற்றருகில் நின்றது. குரங்கு கிளையில் நின்றது. தாய்மான் தேக்கங்காட்டின் ஓரத்தில் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

சரக்!

ஒரே ஒரு சத்தம். சிறுத்தை வைத்த அடி அது. அடுத்த அடிக்காகத் தூக்கிய முன்னங்காலை அதனால் கீழே வைக்க முடியவில்லை. வைத்தால் சத்தம் கேட்கும். வைக்காமல் நிற்பதென்றால் மூன்று காலில் எவ்வளவு நேரம் நிற்பது? மைனா மறுபடி தொடங்கட்டும் என்று அது இலவ மரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது.

மைனா தொடங்கவில்லை. எடுத்த காரியத்தைப் பாதியில் விடும் பழக்கம் அதற்குக் கிடையாது. இரண்டு நிமிடம் என்றால் எவ்வளவு என்பதும் அதற்குச் சரியாகத் தெரியாது. பேருந்து புறப்பட்டு, டீ குடிக்கப் போன நடத்துநர் ஓடிவந்து ஏறும் நேரம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தது. இந்த நடத்துநர் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறவர்.

வாயை மூடியிருந்ததால் அது ஊருக்குப் போன நாளிலிருந்து கேட்டிராத சத்தங்கள் அதன் காதில் விழுந்தன. ஓடை கேட்டது. எங்கோ ஒரு மரங்கொத்தி கேட்டது. பிறகு, தேக்கங்காட்டின் நடுவே, மூன்று காலில் நிற்கும் ஒருவருடைய மூச்சு கேட்டது.

மைனா குனிந்து பார்த்தது. சிறுத்தையைக் கண்டது. சிறுத்தைக்கு முன்னால் இருந்த புதரையும் கண்டது. அண்ணன் சொன்ன வேலை என்ன என்று அப்போதுதான் அதற்கு விளங்கியது.

சிறுத்தையின் கால் வலி தாங்காமல் நடுங்கியது. கீழே இறங்கியது.

சரக்!

"அங்கே!" என்று தாய்மான் காலை உதைத்துக் கூவியது. குரங்கு கிளையை உலுக்கிக்கொண்டு கர்ர்ர் என்று கத்தியது. ஐந்து நாளாக உச்சி வேளைத் தூக்கத்தை இழந்து, மூக்கும் வீங்கி, யார்மேல் பாயலாம் என்று தெரியாமல் இருந்த கரடிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

"தூங்கவிடாம பண்ணது நீதானா?" என்று உறுமிக்கொண்டு அது ஓடி வந்தது. சிறுத்தை நின்று விளக்கம் சொல்லவில்லை. சருகு நொறுங்க நொறுங்க, காடு முழுக்கக் கேட்கும்படி ஓடிப்போயிற்று.

தாய்மான் புதரை விலக்கியது. பொட்டு அசையாமல் கிடந்தது. அம்மாவின் மூக்கு பட்டதும் வாலை ஆட்டியது. மான் குட்டியின் பக்கத்திலேயே மடங்கிப் படுத்துவிட்டது.

மைனா கீழே இறங்கி வந்தது.

"மயில்..." என்று தொடங்கி, "அன்னைக்கே நான் வாயை மூடியிருந்தா..." என்றது.

மயில் திரும்பி வரப்போவதில்லை என்பது இரண்டுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகும் காலையில் இலவ மரத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பழம் பழுத்தது, தண்ணீர் வற்றியது எல்லாம் காட்டுக்குத் தெரிந்தது. நிழல் காலடிக்குள் சுருங்கியதும் அறிவிப்பு நின்றது. கரடி புற்றுக்குப் பின்னால் புரண்டது. மான் நாலு மரம் தள்ளிக் கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த சிறுத்தை மூன்றாம் நாள் உச்சி வேளையில் தேக்கங்காட்டின் எல்லைவரை வந்து நின்றது. அங்கிருந்தே அண்ணாந்து பார்த்து, மெல்லக் கேட்டது.

"துடியா, என்னப்பா ஆளையே காணோம்? என்ன செய்றே?"

மைனா கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"சும்மா இருக்கேன், அண்ணே."

சிறுத்தை ஓர் அடி எடுத்து வைத்துப் பார்த்தது. சரக் என்றது. தூரத்தில் ஒரு ஜோடிக் காதுகள் திரும்பின. அது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பாறை இடுக்குக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அந்தக் காட்டில் உச்சி வேளையில் வேலை இல்லாமல் போனது சிறுத்தைக்கு மட்டும்தான்.

நீதி: சும்மா இருக்கும் நேரத்தைக் காலி நேரம் என்று நினைத்து நிரப்பிவிடாதே, சத்தம் அடங்கும்போதுதான் கேட்க வேண்டியது காதில் விழும்.